55 இஞ்ச் டிவியும் ஒரு மஞ்சள் ஒயரும்

பொங்கலுக்கு ஊருக்கு வந்துட்டுப் போன மச்சான் வாரத்துக்கு ரெண்டு தடவை போன் பண்றான். வீட்டுக்காரம்மாவோட தம்பி, சென்னையில வேலை, நல்ல பையன்தான். ஆனா நெல்லு அறுத்தாச்சா, மாடு கன்னு போட்டுச்சான்னு ஒரு வார்த்தை கிடையாது. "மாமா, டிவி வாங்கிட்டீங்களா?" இதுதான் கேள்வி.

காரணம் இருக்கு. எங்க வீட்டுக் கூடத்துல இருந்தது 14 இஞ்ச் கலர் டிவி. அரசாங்கம் குடுத்தது. 2006 செப்டம்பர்ல ஆரம்பிச்ச திட்டம். தமிழ்நாடு பூராவும் ஒன்றரைக் கோடிக்கு மேல குடுத்தாங்க, அதுல ஒண்ணு எங்களுக்கும் வந்தது. பத்து வருசம் தாண்டியும் ஓடிக்கினு இருக்கு. மச்சான் அதைப் போட்டோ எடுத்து, சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்புல "கீழ்பென்னாத்தூர் மியூசியம்"னு எழுதிப் போட்டான். சிரிக்கிற பொம்மை முப்பது வந்து விழுந்தது. அன்னிக்கு ராத்திரி என் பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்து, "அப்பா, நம்ம டிவி அசிங்கமா?"ன்னு கேட்டா.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பதிவு. பொண்ணுக்குச் சொன்னதை அப்படியே பட்டணத்து சொந்தங்களுக்கும் சொல்லிடறேன். கோபம் இருக்கு. கூடவே கணக்கும் இருக்கு.

முதல்ல மச்சான் சொன்ன யோசனை. 55 இஞ்ச், 4கே, ஸ்மார்ட் டிவி. அப்ப விலை 63,000 ரூபா. வட்டியில்லாத தவணை, மாசம் 3,500 வீதம் 18 மாசம். "சும்மா மூவாயிரத்து ஐந்நூறுதானே மாமா?" என்றான்.

சம்பளக்காரனுக்கு அது 'சும்மா'தான். ஒண்ணாந்தேதி ஆனா வங்கியில பணம் வந்து விழும். மல்லாட்டைக்கு ஒண்ணாந்தேதி எது? விதைச்சு நூறு, நூத்திப்பத்து நாள் கழிச்சுப் பிடுங்கி, காயவச்சு, கமிட்டிக்கு மூட்டை ஏத்திக்கினு போனா, அன்னிக்கு என்ன விலையோ அதுதான். நடுவுல மாசாமாசம் கையில காசு பாக்கிறது பாலுல மட்டும்தான். எங்க பாலுக்கு லிட்டருக்கு 25 ரூபா கிடைக்குதுன்னு வச்சுக்குங்க. 3,500 ரூபான்னா 140 லிட்டர். தவுடு, புண்ணாக்குச் செலவைக் கழிக்காமலே 140 லிட்டர். மாசத்துல பாதி நாள் கறக்கிற பால் டிவிக்கே போயிடும். ஒரு தவணை தப்பினா அபராதம், அப்புறம் போன் மேல போன். மழை தப்பினா என்ன பண்றதுன்னு மழைக்குக் கடிதம் எழுத முடியுமா?

சரி, பணம் போகட்டும். அவ்வளவு குடுத்தா படமாவது நல்லா வருமா? இங்கதான் விசயமே இருக்கு.

பொங்கல் முடிஞ்சு ஒரு வாரத்துல மருந்து வாங்க சென்னை போனப்ப மச்சான் வீட்டுல தங்கினேன். சுவத்துல பெரிய டிவி. போட்டா, சீரியல்ல வர்ற ஆளுங்க எல்லாம் ஆட்டுரல்ல வச்சு அமுக்கின மாதிரி குட்டையா, குண்டா இருக்காங்க. முகமெல்லாம் கட்டம் கட்டமா உடையுது. டிவிக்குப் பின்னால எட்டிப் பாத்தேன். செட்டாப் பாக்ஸ்ல இருந்து டிவிக்குப் போறது மஞ்சள், வெள்ளை, சிவப்புன்னு மூணு முள்ளு வச்ச பழைய ஏவி ஒயர். எங்க 14 இஞ்ச் பெட்டிக்கு எந்த ஒயரோ அதே ஒயர்! பாக்ஸும் சாதா பாக்ஸ். கட்டியிருக்கிற சானலும் சாதா சானல். ஒரு வருசமா அதுல பாத்துக்கினு "என்னா கிளாரிட்டி மாமா"ன்னு சொல்லிக்கினு இருந்திருக்கான்.

எங்க ஊர்ல ஒருத்தர் கிணத்துல அரை இஞ்ச் தண்ணி ஊறும். அவர் கடன் வாங்கி ஏழரை எச்பி மோட்டார் இறக்கினார். மோட்டார் பெருசாச்சுன்னா தண்ணி கூடுமா? பத்து நிமிசம் இறைச்சு அப்புறம் காத்துதான் வந்தது. டிவியும் அப்படித்தான். எச்டிங்கிறது டிவிப் பெட்டிக்குள்ள இருந்து ஊறி வர்றது இல்லை. நாலு மடை தாண்டி வரணும். சானல்காரன் எச்டியா அனுப்பணும். நீங்க அந்த எச்டி சானலுக்குக் காசு கட்டியிருக்கணும். உங்க பாக்ஸ் எச்டி பாக்ஸா இருக்கணும். பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவுல எச்டிஎம்ஐ ஒயர் இருக்கணும். இதுல ஒரு மடை அடைச்சிருந்தாலும் கடைசியில இருக்கிற டிவிக்கு வர்றது பழைய தண்ணிதான்.

இப்ப கணக்கு சொல்றேன், பொறுமையா கேளுங்க. டிவி படம் எல்லாமே சின்னச் சின்னப் புள்ளிங்க. பழைய சாதா ஒளிபரப்பு 720க்கு 576, அதாவது சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளி. 32 இஞ்ச் டிவில 'எச்டி ரெடி'ன்னு ஒட்டியிருக்கும், அது 1366க்கு 768, பத்தரை லட்சம். 'ஃபுல் எச்டி' 1920க்கு 1080, சுமார் 20 லட்சத்து 70 ஆயிரம். 4கேன்னா சுமார் 83 லட்சம். கடைக்காரர் இந்த நம்பரை மட்டும்தான் சொல்லுவார். அந்தப் புள்ளியைப் பாக்கப் போற கண்ணைப் பத்தி அவர் பேச மாட்டார்.

நல்ல பார்வை இருக்கிறவன் கண்ணுக்கும் ஒரு அளவு உண்டு. தூரம் போகப் போக ரெண்டு புள்ளி ஒண்ணாத்தான் தெரியும். வரப்புல நின்னா நாத்து தனித்தனியா தெரியும், ரோட்டுல இருந்து பாத்தா பச்சைப் பாய்தானே? அதே கதை. 55 இஞ்ச் டிவில ஃபுல் எச்டிக்கும் 4கேக்கும் வித்தியாசம் தெரியணும்னா ஏழு அடிக்குள்ள உக்காரணும். எங்க கூடத்துல டிவிக்கு எதிர் சுவரு பதினொரு அடி. பாதிப் பேர் வாசப்படியில உக்காந்து பாப்பாங்க, இன்னும் தள்ளி. அங்க இருந்து பாக்கிறவனுக்கு 83 லட்சமும் ஒண்ணுதான், 20 லட்சமும் ஒண்ணுதான். இன்னொரு பக்கம் பாருங்க. சாதா சானலை 55 இஞ்ச்ல போட்டா, புள்ளி தெரியாம இருக்க 19 அடி தள்ளி உக்காரணும். தெருவுலதான் உக்காரணும்! அதனாலதான் மச்சான் வீட்டுல படம் கட்டம் கட்டமா உடைஞ்சுது. அதே சாதா சானல் 32 இஞ்ச்ல பதினொரு அடி தூரத்துல சுமாரா, உறுத்தாம இருக்கும்.

கேபிள்ல 4கே சானல் எத்தனை வருதுன்னு எங்க கேபிள்காரத் தம்பியைக் கேட்டேன். சிரிச்சான். "அண்ணே, எச்டி பாக்ஸ் கேக்கிறதே நம்ம தெருவுல நீதான் முதல் ஆளு." கேபிள்ல இல்லைன்னா செல்போன் டேட்டால போட்டுப் பாக்கலாமேங்கிறீங்களா? ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தர்றாங்க. எச்டி படம் ஒரு மணி நேரம் ஓடறதுக்குள்ள அது தீந்துடும். மீதி நேரம் சுத்திக்கினு இருக்கிற வட்டத்தைத்தான் பாக்கணும்.

இன்னொண்ணு, பட்டணத்துல யோசிக்காத ஒண்ணு. இடி. மழைக் காலத்துல எங்கேயோ விழுற இடி கேபிள் ஒயர் வழியா வீட்டுக்குள்ள வரும். எங்க தெருவுல போன வருசம் பாக்ஸ் நாலு போச்சு. பழைய பெட்டின்னா பஜார்ல ஒரு ரிப்பேர்க்கடை அண்ணன் இருக்கார், முந்நூறு ரூபால சரி பண்ணிக் குடுத்துடுவார். புது டிவிக்கு பேனல் போச்சுன்னா டிவி விலையில பாதிக்கு மேல கேப்பாங்க, அதுக்குப் பேசாம புதுசே வாங்கிடலாம். பெருசா வாங்கினா இழப்பும் பெருசு. வானம் கறுத்தா கரண்ட் ப்ளக்கை மட்டும் பிடுங்கினா போதாது, கேபிள் ஒயரையும் கழட்டணும். இதை யாரும் கடையில சொல்லித் தர மாட்டாங்க.

சரி, இப்ப சானல் விசயத்துக்கு வருவோம். டிராய் புது விதி 2019 பிப்ரவரி 1ல இருந்து வந்தது. வேண்டிய சானலை நீயே எடுத்துக்கோ, எடுத்ததுக்கு மட்டும் காசு குடு. காதுக்கு நல்லா இருக்கு. எடுக்கிறதுக்கு அந்த மார்ச் 31 வரைக்கும் நேரம் குடுத்தாங்க. பட்டணத்துல ரொம்பப் பேர், 'அப்பாடா, இனி வேண்டாத சானலுக்குக் காசு இல்லை'ன்னு எழுதறதைப் பாத்தேன். எங்க வீட்டுக் கணக்கைக் கேளுங்க.

2019ல ஒரு சானலையும் எடுக்கிறதுக்கு முன்னாடியே 130 ரூபா இருந்தது. அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 23 ரூபா 40 காசு. ஆக 153.40. அப்ப இதுக்கு நூறு சானல் இடம். அதுல தூர்தர்ஷன் சானல்கள் கட்டாயமா இருந்தது, பல மொழியிலயும். எங்கம்மா பாக்கிறது மூணு காசுச் சானல். அப்ப சன் டிவி 19 ரூபா, கேடிவி 19, விஜய் 17. கூட்டினா 55. வரியோட 64.90. மொத்தம் 218.30. முன்னாடி நான் குடுத்துக்கினு இருந்தது 150. கம்மியாப் பாக்கிறவன் கம்மியாக் கட்டணும்னு கொண்டுவந்த விதியில, மூணு சானல் பாக்கிற கிழவிக்கு 68 ரூபா ஏறிச்சு. அப்ப நூறு சானல் பாக்கிறவனுக்கும் அதே 130, நாலு சானல் பாக்கிறவளுக்கும் அதே 130. மழை பெஞ்சா குடை வச்சிருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே மழைதான்னு சொல்ற மாதிரி இது.

2011ல அரசு கேபிள் மாசம் 70 ரூபான்னு ஆரம்பிச்சப்ப, கூலிக்குப் போற வீட்டுலயும் அது ஒரு நாள் கூலிக்குள்ள அடங்கிச்சு. இலவச டிவி, 70 ரூபா கேபிள், இது ரெண்டையும் வச்சு எங்களை எவ்வளவு கிண்டல் பண்ணீங்க! 'இலவசத்துக்கு ஓட்டுப் போடற கூட்டம்'னு. ஓட்டு வந்தா திரும்ப ஆரம்பிச்சுடுவீங்க. ஒண்ணு நினைச்சுப் பாருங்க. அதுக்கு முன்னாடி எங்க சனங்க டிவி பாத்தது பெரிய வீட்டு ஜன்னல் வழியா. உள்ள வரச்சொன்னா தரையில, இல்லைன்னா வெளியில. சில சாதிக்காரங்களுக்கு ஜன்னலும் கிடையாது. அந்த 14 இஞ்ச் பெட்டி வந்த அன்னிக்கு ஜன்னல்ல தொங்கறது நின்னுச்சு. 4கே வாங்கினவனுக்கு அந்தத் துல்லியம் தெரியாது.

புது விதியில நல்லது ஒண்ணும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சானலுக்கும் விலை இன்னான்னு அப்பத்தான் வெளியே தெரிஞ்சுது. 999ஆம் நம்பர் சானல் போட்டா விவரம் வரணும்னு சொல்லியிருந்தாங்க. தொகுப்பைத் தலையில கட்ட முடியாது, தனித்தனியாக் கேட்டா குடுத்தே ஆகணும். ஆனா எங்க கைக்கு வந்த தாள் பூராவும் இங்கிலீசு. அதுல ஏழு தொகுப்பு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பகட்டுப் பேரு. தெருவுல பாதிப் பேர் எதுக்கு டிக் போடறோம்னே தெரியாம முதல் தொகுப்புல டிக் போட்டுக் குடுத்தாங்க. படிக்க முடியாத தாளைக் கையில குடுத்துட்டு 'உன் விருப்பம்'னு சொன்னா, அது யாரோட விருப்பம்? தமிழ்நாட்டுல தமிழ்ல ஒரு தாள் அடிக்க எவ்வளவு செலவு ஆகும்?

நான் சாயங்காலம் திண்ணையில உக்காந்து பதினோரு வீட்டுக்கு நோட்டுல எழுதிக் குடுத்தேன். அப்பத்தான் எனக்கே ஒண்ணு புரிஞ்சுது. எச்டி சானல்னா ஏதோ தங்க விலைன்னு நினைச்சுக்கினு இருந்தேன். 2019ல சன் சாதாவும் 19, சன் எச்டியும் 19. விஜய் சாதா அப்ப 17, எச்டி 19. ரெண்டே ரூபா! ஒரு எச்டி சானல் நூறுல ரெண்டு சானல் இடத்தைப் பிடிச்சுக்கிச்சு, அவ்வளவுதான். எங்களுக்கு நூறும் நிறையப் போறதில்லை. அதனால இடத்தைப் பத்திக் கவலை இல்லை. எச்டிக்கு உண்மையான செலவு மாசக் காசுல இல்லை, பாக்ஸுல இருக்கு.

இப்ப எங்கம்மா கதை. இதைச் சொல்லாம முடிக்க முடியாது.

2018 நவம்பர் 23, கார்த்திகை தீபம். எங்க மொட்டை மாடியில இருந்து திருவண்ணாமலை மலை தெரியும். வருசா வருசம் ஆறு மணிக்கு எல்லாரும் மாடியில நிப்போம். தீபம் ஏத்தினதும் தெரு பூரா "அரோகரா"ன்னு சத்தம். அம்மா கைகூப்பி நின்னுக்கினு இருந்தவங்க, என் பக்கம் திரும்பி மெதுவா, "ஏன்டா, ஏத்திட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. எழுபது வருசமா பாத்த வெளிச்சம். கீழ இறங்கி வந்து, பொதிகையில நேரலை ஓடிக்கினு இருந்த பெட்டிக்கு ஒரு அடி தூரத்துல முகத்தை வச்சு உக்காந்தாங்க. அப்பவும் எதுவும் பேசலை.

எனக்கு அப்ப தோணினது இன்னா தெரியுமா? மச்சான் சொல்ற மாதிரி பெரிய டிவி வாங்கணும்னுதான். நானும் அதே புத்திதான். கண்ணு தெரியலைன்னா டிவியைப் பெருசாக்கு! வீட்டுக்காரம்மாதான் சொன்னா: "டிவிக்கு வைத்தியம் பாக்கிறதை விட்டுட்டு அத்தைக்குப் பாரு." பொங்கல் கழிச்சு ஒரு இலவசக் கண் முகாமுக்குக் கூட்டிக்கினு போனேன். ரெண்டு கண்ணுலயும் புரை. முதல்ல ஒரு கண்ணுல ஆபரேசன் பண்ணி லென்ஸ் வச்சு அனுப்பினாங்க. செலவு பஸ் காசும், சோத்துக் காசும்.

ஒரு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி, அதே 14 இஞ்ச் பெட்டி, அதே சாதா சானல். சீரியல் பாத்துக்கினு இருந்த அம்மா திடீர்னு, "ஏண்டி, இந்தப் பொண்ணு மூக்குத்தி போட்டிருக்காளா? ஒரு வருசமா பாக்கிறேன், தெரியவே இல்லையே!" அப்படின்னாங்க. பொண்ணு என்னைப் பாத்தா. நான் அவளைப் பாத்தேன். அசிங்கமான டிவில மூக்குத்தி தெரிஞ்சிடுச்சு.

அதுக்கப்புறம்தான் டிவி வாங்கினேன். வாங்கலைன்னு சொல்லலையே! பழைய பெட்டியில கலர் மங்கிப்போச்சு, பொண்ணுக்கும் ஆசை இருக்கும்தானே. 32 இஞ்ச், எச்டி ரெடி, 14,500 ரூபா, மல்லாட்டைக் காசுல மொத்தமாக் கட்டினேன். 2019 ஜனவரி 1ல இருந்து 32 இஞ்ச் வரைக்கும் வரி 28ல இருந்து 18 சதவீதம் ஆச்சு, அதுக்கு மேல போனா அப்ப 28தான். கேபிள்காரத் தம்பிகிட்ட எச்டி பாக்ஸ் மாத்திக்கினேன். எச்டிஎம்ஐ ஒயர் 150 ரூபா. சன், விஜய் ரெண்டும் எச்டி, கேடிவி சாதா. அப்ப மாசம் 220 ரூபா 66 காசு. பையன் ஐபிஎல்லுக்குத் தமிழ் விளையாட்டுச் சானல் கேட்டான், அப்ப 17 ரூபா, மேட்ச் முடிஞ்சதும் எடுத்துடலாம்னு இருந்தேன். அம்மா கட்டிலை டிவிக்கு ஆறு அடியில இழுத்துப் போட்டேன். 32 இஞ்ச் எச்டி ரெடிக்கு அதுதான் சரியான தூரம். ஏழைக்கு 4கேங்கிறது கட்டிலை நகத்தறதுதான்.

மச்சானுக்கு மஞ்சள் ஒயர் கதையைப் போன்ல சொன்னேன். ரெண்டு நாள் போன் இல்லை. மூணாம் நாள் கூப்பிட்டு, "மாமா, எச்டிஎம்ஐ போட்டுட்டேன், பாக்ஸும் மாத்திட்டேன்"னான். வாட்ஸ்அப் குரூப்புல மட்டும் இன்னும் ஒண்ணும் எழுதலை. மியூசியத்து ஆளுகிட்ட பாடம் கத்துக்கினேன்னு எழுத மனசு வராது, பாவம்.

பட்டணத்து சொந்தங்களே, உங்ககிட்ட ரெண்டு வேலை ஒப்படைக்கிறேன். இன்னிக்கு ராத்திரி உங்க பெரிய டிவிக்குப் பின்னால ஒரு தடவை எட்டிப் பாருங்க. மஞ்சள் ஒயர் இருந்தா, அடுத்த தடவை ஊருக்கு வந்து எங்க பெட்டியைப் போட்டோ எடுக்காதீங்க. ரெண்டாவது, ஊர்ல இருக்கிற அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தவணையில டிவி வாங்கி அனுப்பலாம்னு நினைக்கிறவங்க, முதல்ல லீவு போட்டுட்டு வந்து அவங்களைக் கண்ணு காட்டக் கூட்டிக்கினு போங்க. டிவி அப்புறம் வாங்கலாம்.

எங்கம்மாவுக்கு இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு. வைகாசிக்குள்ள பண்ணிடணும். அடுத்த கார்த்திகைக்கு மொட்டை மாடியில அவங்க என்னைக் கேக்கக் கூடாது. ஏத்திட்டாங்கன்னு அவங்க எனக்குச் சொல்லணும்.